சம்பந்தி தயார் செய்த விமானம்

கறார் என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. விமானப்படைத் தளம் வைத்தது. சரக்கு விமானத்தில் அவர் ஃப்ளைட் இன்ஜினியர். இரண்டு விமானிகளுக்கு நடுவே, சற்றுப் பின்னால் உட்கார்ந்து மீட்டர் முள்களைப் பார்ப்பது வேலை. முள் சொன்னதைத்தான் சொல்வார். அதில் அண்ணன் தம்பி கிடையாது.

அன்று காலை மனைவி காலுறையைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு நீங்க போறது நம்ம சம்பந்தியாகப் போறவர் ரெடி பண்ண விமானமாமே. ஞாயித்துக்கிழமை கல்யாணம் பேசி முடிக்க வர்றாங்க. வாய மூடிக்கிட்டு போய்ட்டு வாங்க."

"என் வாய் என்ன பண்ணுச்சு?"

"ரெண்டு எடம் அதாலதான் தட்டிப்போச்சு. பொண்ணு வாயத் திறந்து சரின்னு சொன்னது இந்த ஒரு பையனுக்குத்தான்."

அவர் குனிந்து காலணி மாட்டினார்.

சம்பந்தியாகப் போகிறவர் தரைப்பணிக்குத் தலைவர். தளத்தில் எல்லோருக்கும் சீஃப். தான் தயார் செய்த விமானம் கிளம்பாமல் நின்றதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. மாப்பிள்ளைப் பையன் அவரிடமே மெக்கானிக்.

இன்ஜின் அழுத்தும் சூடான காற்றில் கொஞ்சம் பிரித்து, இறக்கைக்குள் ஓடும் குழாய் வழியே அனுப்புவார்கள். உயரத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சும் வெதுவெதுப்பும் அதில்தான். குழாய் கசிந்தாலோ, அதே காற்று பக்கத்து வயர்களைக் கருக்கிவிடும். ஆகவே கிளம்புமுன் அழுத்தம் ஏற்றி, வால்வுகளை மூடி, முள் இறங்குவதைப் பார்க்க வேண்டும். எட்டு விநாடிக்குள் பாதிக்கு இறங்கினால் விமானம் பறக்கக் கூடாது.

கறார் ஸ்டாப்வாட்சை அழுத்திப் பார்த்தார். "ஏழரை."

"எட்டுன்னு வெச்சுக்கலாமே," என்றார் கேப்டன். "உங்க விரல் அவசரப்பட்டிருக்கும்."

"விரல் என்னுது கேப்டன். அவசரம் உங்களுது."

கீழே நின்ற சீஃபின் குரல் ஹெட்செட்டில் வந்தது. "ஏதாவது வால்வு சரியா மூடியிருக்காது சம்பந்தி. இன்னொரு தடவ பாருங்க."

நியாயமான பேச்சு. வால்வுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மறுபடி பார்த்தார். இந்தத் தடவை ஏழு. பெண் கொடுக்கிற வீடு வளைந்து போகத்தான் வேண்டும். அதற்காக முள்ளை வளைக்க முடியுமா?

"எல்லாரையும் எறக்கிடுங்க," என்றார்.

"சரி சார்," என்றது கீழேயிருந்து குரல். கூப்பிட்ட முறை ஒரே நொடியில் மாறிவிட்டிருந்தது.

பயணத்துக்கு ஏறியிருந்த சிப்பாய்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "ஏறுன்றாங்க, எறங்குன்றாங்க. நம்மள மூட்டைன்னு நெனச்சாங்களா?"

"மூட்டைன்னா தூக்கி எறக்குவாங்கடா. நாமதான் நடக்கணும்."

இன்ஜின்கள் நின்று சூடு தணிந்ததும் சீஃப் யாரையும் விடாமல் தானே ஏணியில் ஏறி இறக்கையின் மூடியைக் கழற்றினார். வெகுநேரம் கழித்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு நேரே கறாரிடம் வந்தார். உள்ளே ஏதோ தேய்ந்துபோயிற்று என்று சொல்லியிருந்தால் ஏறிப் பார்க்கப் போகிறவர் யாருமில்லை.

"குழாய் சேர்ற எடத்துல கிளாம்ப் வளையம் தளர்ந்திருக்கு. நேத்து மாட்டினது."

"யாரு மாட்டினது?"

"எம் பையன். இறுக்கிட்டு, சுத்தியால வளையம் பூரா தட்டி, திரும்ப இறுக்கணும். தட்டாம விட்டிருக்கான். அதப் பாத்து சரின்னு விட்டவன் நான்." முதுகு கொஞ்சமும் வளையவில்லை. "இத மறைச்சுட்டு உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். பொண்ணு குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

கறாருக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடத்தான் செய்தது. ஆனால் அப்பன் நேர்மையை வைத்து மகன் குடித்தனம் நடத்த முடியாது. பையனைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி தட்டல?"

"இறுகிடுச்சுன்னு நெனச்சேன் மாமா." அப்பா முறைத்தார். "சார்."

"நெனச்சியா, பாத்தியா?"

"பாக்கல."

ஆள் குறைவு, நேரம் இல்லை என்று ஒரு சாக்கும் வரவில்லை. அவ்வளவோடு கறார் விட்டுவிட்டார்.

பையன் மேலே ஏறினான். இறுக்கும் சத்தம், தட்டும் சத்தம், மறுபடி இறுக்கும் சத்தம். பிறகு அழுத்தம் ஏற்றிப் பார்த்தபோது முள் அவசரமில்லாமல், எட்டையும் தாண்டி, மெல்ல இறங்கியது. சிப்பாய்கள் முணுமுணுத்தபடி திரும்ப ஏறினார்கள்.

சீஃப் கதவருகே வந்தார். "எங்களுக்கு என்ன பதில்?"

"இதுலதான நான் போறேன். சாயங்காலம் திரும்பி வந்து சொல்றேன்."

சீஃப் தலையசைத்தார். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பையன் சுத்தியைப் பெட்டியில் போட்டு மூடினான். "கேப்டன், நானும் வரலாமா?"

"எதுக்குப்பா?"

"நான் மாட்டினது."

கேப்டன் கறாரைப் பார்த்தார். கறார் ஒதுங்கி வழிவிட்டார். பையன் ஏறி, இறக்கைக் குழாய் உள்ளே நுழையும் இடத்துக்கு நேர் கீழே இருந்த துணி இருக்கையில் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது, எழுந்துகொள்ளும் உத்தேசம் மட்டும் தெரியவில்லை.

"பெல்ட்ட நல்லா போட்டுக்க," என்றார் சீஃப் மகனிடம். ஏணியை எடுக்கத் திரும்பினார்.

"சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேணாம்," என்றார் கறார் அவர் முதுகைப் பார்த்து. "ஞாயித்துக்கிழமை காலைலயே வந்துடுங்க."

கதவைச் சாத்திவிட்டு முள்களிடம் போனார்.