சம்பந்தியின் காட்சி

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் குறையோடு திரும்பியதாக திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் அடி அண்ணாமலையில் யாரும் சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில்தான் சம்பந்தி சுப்பிரமணி நடித்த படத்தை எங்கள் வீட்டிலேயே போட்டுக் காட்டுவதாக நான் வாக்குக் கொடுத்தேன்.

சம்பந்தி செங்கத்துக்காரர். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மீசையைப் பார்த்து யாரோ சினிமாக்காரர்கள் பஞ்சாயத்துத் தலைவராக நடிக்கக் கூப்பிட்டார்கள். ஒரே காட்சி, ஒரே வசனம். என்ன வசனம் என்று கேட்டால், படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மீசையைத் தடவுவார். ஆனால் படம் தியேட்டருக்கு வந்த சமயத்தில் அவருக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் பிரிப்பதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

இப்போது அந்தப் படம் நெட்டில் வாடகைக்கு வந்திருப்பதாக அவர் மகள், என் மருமகள் அருணாதேவி சொன்னாள். எங்கள் டி.வி. பழையது, அதில் நெட் வராது. நன்றாக ஓடுகிற டி.வி.யை மாற்ற எனக்கும் மனமில்லை. ஆனால் மருமகள் தன் சீரோடு டி.வி.யில் மாட்டி விளையாடுகிற ஒரு கேம் பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். குத்துவிளக்கு, வெள்ளித் தட்டு, அதன் பக்கத்தில் அது. ஆபீஸ் வேலை முடிந்ததும் அதில் துப்பாக்கி எடுத்துக்கொண்டு யாரையோ துரத்துவாள். நான் அந்த நேரத்தில் கூடத்துப் பக்கம் வருவதில்லை. அந்தப் பெட்டி வழியாகப் படத்தை வாடகைக்கு எடுத்து டி.வி.யில் பார்க்கலாமாம். வியாழக்கிழமையே எடுத்து வைத்துவிட்டாள்.

சம்பந்தி வீட்டார் வருவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. காலண்டரைப் பார்த்தால் அன்று அஷ்டமி. ஆகாத நாளில் பயணம் போக வேண்டியிருந்தால் எங்கள் குடும்பத்தில் முன்கூட்டியே நல்ல நேரத்தில் பையை மட்டும் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். அதோடு பயணம் தொடங்கியதாகக் கணக்கு. அதே முறைப்படி வெள்ளிக்கிழமை மாலை நல்ல நேரத்தில், வீட்டில் யாரும் இல்லாதபோது, கற்பூரம் காட்டிவிட்டு மருமகளின் பெட்டியில் பட்டனை அழுத்தினேன். பிள்ளையார் படமும் கம்பெனி பெயரும் வந்தன. திருப்தியாக நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு கார்களில் வந்து இறங்கினார்கள். சம்பந்தி பட்டு வேட்டியில் வந்தார். அவருடைய அக்கா எல்லம்மாள், தம்பி சினிமாவில் பேசுவதைக் கேட்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே டி.வி.க்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். படம் ஓடியது. சம்பந்தியின் காட்சி பிற்பாதியில் என்பதால் முற்பாதியை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. இடைவேளை என்று எழுத்து வந்ததும் படத்தை நிறுத்தி டிபன் பரிமாறச் சொன்னேன்.

கேசரி வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. பிறகு வெங்காய பஜ்ஜி, அதன் பிறகு மிளகாய் பஜ்ஜி. போதும் போதும் என்றாலும் மருமகள் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காபி ஆற்றினாள். என் மனைவி தங்கம்மாளே அசந்துபோனாள். நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் பட்டனை அழுத்தியபோது படம் வரவில்லை. வாடகைக் காலம் முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது. எடுத்த படத்தைப் பார்க்காமல் ஒரு மாதம் வைத்திருக்கலாமாம். ஒருமுறை ஓட்டத் தொடங்கிவிட்டால் இரண்டே நாள்தானாம். மருமகள் எல்லோருக்கும் விளக்கினாள். வெள்ளிக்கிழமை அதைத் தொடங்கியது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

சம்பந்தியின் முகம் சுருங்கிவிட்டது. "பரவால்ல சம்பந்தி, நம்ம ராசி அப்படி" என்று எழுந்தார். எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து ஒருவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. உடனே மறுபடி வாடகை கட்டு என்று மருமகளிடம் சொன்னேன். அவள் அசையவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் என்னைச் சமையலறைக்கு அழைத்தாள்.

"மாமா, வேணாம். நீங்க ஆரம்பிச்சு வெச்சதைப் பார்த்துட்டு வெள்ளிக்கிழமையே முழுசா ஓட்டிப் பார்த்துட்டேன். அப்பா சீனை வெட்டிட்டாங்க. முதுகு மட்டும்தான் வருது. குரலும் வேற யாரோடதோ."

"அதான் வாடகை முடியட்டும்னு பஜ்ஜியா போட்டுக்கிட்டு இருந்தியா?"

"மாவு தீர்ற வரைக்கும் போட்டேன் மாமா."

நான் துண்டைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். ஒரு பக்கம் என் வாக்கு. இன்னொரு பக்கம் மருமகளின் அப்பா, தன் அக்கா முன்னால் தன் முதுகைப் பார்க்கப்போகிறார். பெண்ணை எடுத்த இடத்து மானமும் எங்கள் மானம்தான். வெள்ளிக்கிழமை பட்டனை அழுத்தியது நான்தான் என்று சபையில் சொன்னேன். அதோடு விடுவார்கள் என்று பார்த்தேன், எல்லம்மாள் விடவில்லை.

"அதுக்கென்னங்க, இன்னொரு தபா காசு கட்டிப் போடுங்களேன்."

"இந்த வீட்ல ஒரு படத்துக்கு ஒரு வாடகைதாம்மா. ரெண்டாவது வாடகை கட்ற பழக்கம் கெடையாது" என்றேன்.

என் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். "காசுல இம்மாங் கெட்டியா?" என்று எல்லம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. நிமிர்ந்தபடியே உட்கார்ந்து, சம்பந்தியைப் பார்த்துச் சொன்னேன்: "படத்தை விடுங்க. ஆளே நேர்ல இருக்கும்போது பொட்டி எதுக்கு? நீங்களே ஒரு தபா செஞ்சு காட்டுங்க."

முதலில் கூச்சப்பட்டார். பிறகு செருமிக்கொண்டு டி.வி.க்கு முன்னால் வந்து நின்றார். வேட்டி நுனியைக் கையில் பிடித்து, மீசையை ஒரு பக்கம் ஏற்றி, கூடம் அதிர ஒரு குரல் கொடுத்தார்: "இந்தப் பஞ்சாயத்துல நான் இருக்கிற வரைக்கும் ஏரியில ஒரு கூடை மண்ணு எவனும் அள்ள முடியாது!"

எல்லம்மாள் எழுந்து தம்பிக்குத் திருஷ்டி கழித்தார். மறுபடி ஒருமுறை, நின்றபடி, உட்கார்ந்தபடி என்று நாலைந்து தடவை நடந்தது. மருமகள் சமையலறை வாசலில் நின்று கைதட்டினாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

காரில் ஏறும்போது சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். வாடகை கட்டுவதற்குத் தான் ஒன்றும் கணக்குப் பார்ப்பவரில்லை என்றும், செங்கத்தில் நல்ல நெட் போட்டுப் படத்தை முழுசாகக் காட்டுவதாகவும் சொன்னார். நான் அவசரமாகத் தடுத்தேன்.

"இவ்ளோ கிட்டத்துல பார்த்துட்டோம். இனிமே அந்தப் படத்துல பார்க்க என்ன இருக்கு சம்பந்தி?"

அவர் யோசித்தார். "அதுவும் வாஸ்தவம்தான்" என்றார்.

இப்போது செங்கம் பக்கத்து விசேஷங்களில் சம்பந்தியை நடிக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் ஒரு கஞ்சச் சம்பந்தி வாய்த்த கதையையும் சேர்த்துச் சொல்கிறாராம். சொல்லட்டும்.