அடிநீரின் கழித்தல் குறிகள்

சங்கிலிபூதத்தானுக்கு மகளைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. "என் மவ கடலை அளக்கா." வாழைத்தார் ஏற்றி முடித்து டீக்கடை பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் அதைச் சொல்லிவிடுவார். "மொத்தம் எத்தனை மரக்கால்னு கேட்டுச் சொல்லும் வே" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பேச்சு வீடு வந்து சேரும்போது மகள் வடிவம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசும். அவள் கடலில் கால் நனைத்ததே திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்றைக்கு மட்டும்தான்.

உண்மையில் கடலை அளந்தது ஃபஹ்மிதா. காயல்பட்டினத்துக்காரி, முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை படகேறிப் போவாள். கரையிலிருந்து நேர்கோடாக ஒன்பது இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் படகை நிறுத்தி, ஓட்டமானியைக் கயிற்றில் கட்டி மேல்நீரில் ஒருமுறை, நடுநீரில் ஒருமுறை, அடிநீரில் ஒருமுறை இறக்குவாள். தண்ணீர் எந்தப் பக்கம் என்ன வேகத்தில் போகிறது என்று கருவி காட்டும். அதன் நினைவகம் கெட்டுப்போனதால் திரையில் தெரிவதைக் கையால்தான் எழுத வேண்டும். வடக்கே போகும் தண்ணீருக்கு வெறும் எண். தெற்கே போனால் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

உப்புத் தண்ணீர் தெறித்து விறைத்துப்போன அந்த நோட்டுகள் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டுக்கு வந்து சேரும். அதுதான் ஆய்வு அலுவலகம். அங்கே வடிவு அவற்றைக் கணினியில் ஏற்றுவாள். அவ்வளவுதான் அவள் வேலை.

தலைவர் ஸ்ரீகுமார் சார் கடலுக்குப் போவதில்லை. அவரிடம் ஒரு கணினி மாடல் இருந்தது. காற்று, ஏற்றவற்றம், செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லும் கடல்மட்டம் எல்லாவற்றையும் அதற்குள் கொடுத்தால், அந்த ஒன்பது இடங்களிலும் ஒவ்வோர் ஆழத்திலும் தண்ணீர் எந்தப் பக்கம் என்ன வேகத்தில் போகும் என்று அது கணக்கிட்டுச் சொல்லிவிடும். மாடல் சொல்வதும் கடல் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஒத்துப்போனால் பிறகு படகே வேண்டாம்.

சாரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. அளக்கிறவளுக்கு வரைபடத்தைக் காட்ட மாட்டார். மாடலின் கோடு எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டால், கண் தன்னையறியாமல் கோட்டுக்குத் தக்கபடி வாசித்துவிடும் என்பார். எண்களை ஏற்றுவதற்கும் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள்தான் வேண்டும் என்று தேடினார். அப்படிக் கிடைத்தவள் வடிவு. தட்டச்சில் லோயர் தேறியிருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நின்றவள், அம்மா எழுந்து நடமாடிய பிறகும் பள்ளிக்கூடம் போகவில்லை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வெட்கம். அந்த வெட்கம் மூன்று வருஷமாக இறங்கவே இல்லை.

முதல் வாரத்திலேயே ஒரு தப்புச் செய்தாள். புள்ளியை விட்டுவிட்டு 0.32 என்பதை 32 என்று அடித்துவிட்டாள். திரையில் மாடலின் நீலக்கோடு அமைதியாகப் போய்க்கொண்டிருக்க, அவள் ஏற்றிய சிவப்புப் புள்ளி மட்டும் படத்தை விட்டே வெளியே பறந்தது. சார் சத்தமாகச் சிரித்தார். "கடல் கப்பலை விட வேகமாப் போறதே" என்றார். அலுவலகமே சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை. உடனேயே தணிந்து, "கோட்டை விட்டு ரொம்ப விலகித்துன்னா நீ தப்பா அடிச்சிருக்கேன்னு அர்த்தம். நோட்டைத் திரும்பப் பாரு" என்று சொல்லிக்கொடுத்தார். அவள் தட்டச்சைச் சரிபார்ப்பதற்காகவே அந்த நீலக்கோட்டை அவள் திரையில் விட்டுவைத்திருந்தார். அளக்கிறவளிடமிருந்து மறைத்ததை, ஏற்றுகிறவள் கண் முன்னாலேயே விரித்து வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி மாதத்து நோட்டில்தான் அது முதலில் வந்தது. ஆறாம் இடம். மேல்நீர் வடக்கே, நடுநீர் வடக்கே, அடிநீருக்கு முன்னால் கழித்தல் குறி. வடிவு அப்படியே அடித்தாள். சிவப்புப் புள்ளி நீலக்கோட்டை விட்டுத் தொபுக்கென்று கீழே விழுந்தது. அவள் காது சூடாகிவிட்டது. நோட்டைப் பார்த்தாள். குறி இருந்தது. படகு ஆடியதில் பேனா இழுத்த கோடாக இருக்கலாம். ஃபஹ்மிதா அக்காவுக்குப் படகில் வாந்தி வரும், அந்த மயக்கத்தில் இழுத்ததாக இருக்கலாம். கேட்டுவிடலாம்தான், நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது. இரண்டு முறை போனை எடுத்துத் திரும்ப வைத்தாள். என்னவென்று கேட்பது? இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தாய் என்று நினைப்பார்களே.

கழித்தல் குறியை அழித்தாள். புள்ளி எம்பிப் போய்க் கோட்டருகே உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு மூச்சு வந்தது.

அழித்தோம் என்ற குறுகுறுப்பில், நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். யாராவது கேட்டால் காட்டலாம். யாரும் கேட்கவில்லை. அடுத்த நோட்டில் நான்கு புள்ளி வைத்தாள், அதற்கடுத்ததில் ஏழு. பிறகு யோசிப்பதே நின்றுபோனது. அடிநீருக்குக் கழித்தல் வந்தால் அழிப்பாள், புள்ளி வைப்பாள், பக்கத்தைத் திருப்புவாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஆனியில் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஆய்வு எப்படிப் போகிறது என்று பார்க்க. சுவரில் வரைபடம் விழுந்தது. நீலக்கோடும் சிவப்புப் புள்ளிகளும் தாயும் பிள்ளையும் மாதிரி ஒட்டிக்கொண்டு போயின. கைதட்டினார்கள். ஸ்ரீகுமார் சார் ஃபஹ்மிதாவைப் பாராட்டினார். அப்புறம், "ஒரு எண் விடாம ஏத்தின வடிவம்மாளையும் சொல்லணும்" என்றார். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் டீ டம்ளர்கள் இருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஃபஹ்மிதா அன்றைக்குத்தான் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சார், அடித்தண்ணி நிறைய நாள் எதிர்த்துல்லா போச்சு. கயிறே தெக்க சாயும். நான் கண்ணால பாத்தேன்."

"நோட்டுல அப்படி ஒண்ணும் இல்லியேம்மா" என்றார் சார். "உன் நோட்டைப் பார்த்துத்தான் ஏத்தியிருக்கு. நீ பாதி நாள் வாந்தியில இருந்தே. கயிறு படகோட சாஞ்சிருக்கும்."

வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். ஃபஹ்மிதா உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே முடிவும் ஆயிற்று. அடுத்த மாதத்தோடு படகு நிறுத்தம். இனி மாடல் போதும்.

சாயங்காலம் ஊருக்குப் போகும் பஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியபோது வடிவு அணைக்கட்டு இருக்கும் திசையைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். சின்ன வயதில் அத்தை வீட்டுக்கு வந்து அந்த அணைக்குக் கீழே குளித்திருக்கிறாள். ஒருமுறை துண்டு கை நழுவியது. தண்ணீர் கொட்டுகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, துண்டு ஆற்றோடு போகாமல் அணையைப் பார்த்தே திரும்பிப் போனது. பிடிக்க எட்டியவளின் காலை அடித்தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்தது. அத்தை தலைமுடியைப் பற்றித்தான் தூக்கினாள். மேலே ஒரு பக்கமும் அடியில் எதிர்ப்பக்கமும் தண்ணீர் போகும் என்பது அவளுக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை, காலுக்கே தெரிந்த விஷயம். ஆறாம் இடத்துக் கழித்தல் குறியைப் பார்த்த அன்றைக்கும் அந்தத் துண்டு ஒரு கணம் மனதில் வந்து போனதே. குளிக்கிற ஆற்றைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரோடு வைத்துப் பார்க்க நாம் யார் என்றுதானே அதை ஒதுக்கினாள்.

மறுநாள் எல்லாரும் வருமுன்னே போய்க் குறிகளைத் திரும்பப் போட்டுவிடப் பார்த்தாள். கோப்பு பூட்டியிருந்தது. அறிக்கையோடு அது சென்னைக்குப் போய்விட்டது.

நான்காம் நாள் மத்தியானம் ஃபஹ்மிதா வந்தாள். எப்போதும்போல் வடிவின் மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஆனால் சாப்பிடவில்லை. ஒரு தாளை எடுத்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா எழுதுதீங்க?"

"சாருக்கு லெட்டர். அன்னைக்கு எல்லாருக்கு முன்னாலயும் எதிர்த்துப் பேசிட்டேன்லா. தலைசுத்தல்ல திசையைத் தப்பாப் பாத்திருக்கேன், மன்னிக்கணும்னு எழுதுதேன். தீஸிஸ்லயும் அந்தப் பகுதியை எடுத்துருவேன்."

"நோட்டைப் பாத்தீங்களா?"

ஃபஹ்மிதா பேனாவை மூடினாள். "பயமா இருக்குட்டி. நான் குறி போட்டேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். தொறந்து பாத்து அதுல இல்லன்னா? ரெண்டு வருசமா அந்தக் கடல்ல நான் என்னத்தைப் பாத்தேன்னு ஆயிரும்."

வடிவு எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்தாள். நோட்டுகளை மார்போடு அணைத்து எடுத்துவந்து மேசையில் வைத்தாள். ஐப்பசி நோட்டில் ஆறாம் இடத்தைத் திறந்து, பென்சில் புள்ளியில் விரலை வைத்தாள். பக்கத்திலேயே நீல மையில், நிதானமாகப் போட்ட கழித்தல் குறி. பக்கம் திருப்பினாள், விரல் வைத்தாள். இன்னொரு நோட்டு, இன்னொரு விரல்.

ஃபஹ்மிதாவுக்குப் புரிய மூன்று பக்கம் ஆனது. முதலில் முகம் மலர்ந்தது, நான் போட்டிருக்கேன் என்று. பிறகுதான் அந்தப் பென்சில் புள்ளிகள் என்னவென்று பார்த்தாள்.

"இது யாரு வச்சது?"

"நாந்தான்."

"அழிச்சதும் நீதானா?"

வடிவு தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா எங்கிட்ட."

"கேட்டா எனக்குத் தெரியலைன்னு தெரிஞ்சிரும்லாக்கா."

ஃபஹ்மிதா திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. எழுதிய தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு நோட்டுகளை எடுத்துக்கொண்டு சார் அறைக்கு நடந்தாள். வடிவு பின்னால் போனாள்.

சார் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்தார். அவரே உட்கார்ந்து புள்ளிகளை எண்ணினார். நூற்று அறுபத்து மூன்று. எண்ணி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு நீ வாந்தியில் இருந்தாய் என்று நாலு பேர் முன்னால் சொன்னவர், இப்போது ஃபஹ்மிதாவின் பக்கமே பார்க்கவில்லை. கேள்வியெல்லாம் வடிவிடம்தான் வந்தது.

"நான்தானே கோட்டை விட்டு விலகினா தப்புன்னு சொன்னேன்?"

"ஆமா சார்."

"மேல ஒரு பக்கம் அடியில ஒரு பக்கம் தண்ணி போகும்னு உனக்கு யாரும் சொல்லித்தரலை. அது உன் தப்பில்லை."

அங்கேயே நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். தெரியாத பிள்ளை என்று விட்டுவிடுவார்கள். ஒரு வருஷமாக அந்தப் பெயருக்குத்தானே பயந்தாள், இப்போது அதுவே நிழல் மாதிரி இதமாக வந்து நின்றது. வடிவு தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் சார்" என்றாள். ஸ்ரீவைகுண்டத்து அணையைச் சொன்னாள். துண்டைச் சொன்னாள், காலைச் சொன்னாள். தண்ணீர் போன விதத்தைக் கையால் காட்டினாள், ஒரு கை இந்தப் பக்கம், அடியில் ஒரு கை அந்தப் பக்கம்.

"தெரிஞ்சுமா அழிச்சே?" என்றார் சார்.

சார் போனை எடுத்தார். சென்னையில் யாரிடமோ, அனுப்பிய அறிக்கையில் பிழை இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள் என்றார். யார் பிழை என்று அங்கே கேட்டிருக்க வேண்டும். "என் பிழை" என்றார். படகை நிறுத்துவதும் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தார். வடிவு நாளைக்கு வரலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ் ஏறினாள்.

டீக்கடையைத் தாண்டும்போது அப்பாவின் குரல் கேட்டது. யாரிடமோ அதே வாக்கியம். அவள் தாவணியால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து மாடிப்படியில் நின்றாள். கதவு திறந்தே இருந்தது. அவள் கணினிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திரையில் நீலக்கோடு இல்லை, வெறும் கட்டங்கள். ஒரு நாற்காலியில் ஃபஹ்மிதா ஐப்பசி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வா என்று சொல்லவில்லை. வடிவு உட்கார்ந்ததும் வாசிக்கத் தொடங்கினாள்.

"ஆறாம் இடம். மேல்நீர், பூஜ்யம் புள்ளி நாலு ஒண்ணு."

வடிவு அடித்தாள்.

"நடுநீர், பூஜ்யம் புள்ளி ஒண்ணு எட்டு."

அடித்தாள்.

"அடிநீர்." ஃபஹ்மிதா சற்று நிறுத்தினாள். "மைனஸ்."

வடிவின் சுண்டுவிரல் அந்தப் பொத்தானுக்குப் போயிற்று. ஃபஹ்மிதா நோட்டைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறி விழுந்த பிறகுதான் மீதி எண்ணைச் சொன்னாள். இன்னும் நூற்று அறுபத்திரண்டு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அப்படியே பார்த்தாள்.