பேரம் பேசாத றோசமேரி

கற்பிட்டியில் வாடகையைக் கூட்டிக் கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. எவ்வளவு வேண்டுமோ அதை நேராகச் சொல்லிவிடக் கூடாது. அதற்கு மேலே ஏறிப்போய் ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். குடியிருப்பவர் தலையில் கைவைப்பார். கூரை ஒழுகுகிறது என்பார். உப்புக்காற்று யன்னல் கம்பியைத் தின்றுவிட்டது என்பார். வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்குவார், அவர் கொஞ்சம் ஏறுவார், நடுவில் எங்கேயோ இரண்டு பேரும் சந்தித்துத் தேத்தண்ணி குடிப்பார்கள். றைஸாவின் வாப்பா அப்படித்தான் செய்தார். றைஸாவும் அப்படியே செய்யப் போய்த்தான் இவ்வளவும் வந்தது.

அவளுடைய வளவிலேயே இருந்த சின்ன வீட்டில் றோசமேரியும் புருஷன் நிக்கொலஸும் ஒன்பது வருஷமாகக் குடியிருந்தார்கள். வாடகை பதினையாயிரம். அது கூடி நாலு வருஷம் ஆகிவிட்டது. கட்டாரிலிருந்து மகன் ஃபாஹிம் எடுக்கிற கோல் எல்லாம் அதிலேதான் வந்து முடியும்.

“உம்மா, காத்துக் காலத்துக்கு வெள்ளக்காரன் கடல்ல பட்டத்தில சறுக்க வாரான். ஊர்ல ஒவ்வொருத்தனும் அறைய நாள் வாடகைக்குக் குடுக்கிறான். நீங்க இன்னும் பதினஞ்சு வாங்குறீங்க.”

“வெள்ளக்காரன் ரெண்டு மாசம் இரிப்பான், மத்த பத்து மாசம் ஊட்ட யாரு கூட்டுற? உன்ட வாப்பாவா கபுர்ல இருந்து வாரது?” என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். ஆனாலும் ஓடு மாற்ற வேண்டும், தண்ணி மோட்டர் இருமிக்கொண்டு கிடக்கிறது. பதினெட்டு கிடைத்தால் போதும் என்று தனக்குள் முடிவுகட்டினாள். பதினெட்டு கிடைக்க இருபத்தைந்து கேட்க வேண்டும்.

கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் போனாள். றோசமேரி பின்பக்கம் குந்தியிருந்து பாரை மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். றைஸா மழையைப் பற்றிக் கதைத்தாள், தேங்காய் விலையைப் பற்றிக் கதைத்தாள், பிறகு கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“புள்ள, வாடகைய கொஞ்சம் பாக்கணும். சாமான் வெலயெல்லாம் தெரியும்தானே. இருபத்தஞ்சாவது வேணும்.”

கத்தி நின்றது. றோசமேரி நிமிரவில்லை.

“சரி ராத்தா,” என்றாள்.

அவ்வளவுதான். கத்தி மறுபடியும் ஓடத் தொடங்கியது. றைஸா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கூரையைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. கம்பியைப் பற்றி வரவில்லை. கறிவேப்பிலையையும் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தாள்.

“இருபத்தஞ்சுக்கு ஓம் என்டுட்டாவா!” மகள் சிபானா துள்ளினாள். “சூப்பர் உம்மா! கட்டாருக்கு கோல் எடுத்து நானாக்குச் செல்லட்டா?”

“வாய மூடு, அறிவு கெட்டவளே. அவள் போப்போறாள்.”

“யாரு சென்ன?”

“யாரும் செல்லணுமா? மீன்காரன்ட பத்து ரூவாக்கு அரை மணித்தியாலம் நிப்பாள். சாரி வேன்காரன் இவள்ட வாசலுக்குக் கிட்ட வந்தா ஹோர்ன அடிக்காம போறான். தலவில் சேர்ச் பெருநாள்ல மெழுகுதிரிக்கே விலை கொறைச்சவள்! அவள் சரி என்டா என்ன அர்த்தம்? வாங்கப் போறவள்தான் விலை கேப்பாள். போறவளுக்கு என்னத்துக்கு விலை?”

றைஸாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. றோசமேரிக்கு முன்னால் இருந்தவனை நினைத்தாள். அறைக்குள்ளேயே கருவாடு அடுக்கி வைத்து யாவாரம் செய்தவன். அவன் போய் ஒரு வருஷம் வரைக்கும் பூனைகள் அந்த வீட்டைச் சுற்றி வந்தன. அதற்கு முன்னால் இருந்தவன் போகும்போது கிணற்று மோட்டரையும் கழற்றிக்கொண்டு போனான். ஆனால் அதெல்லாம் பெரிசில்லை. போன வருஷம் டெங்கு வந்து அவள் சுருண்டு கிடந்தபோது, சிபானா புத்தளத்தில் பரீட்சைக்குப் போயிருந்தாள். நிக்கொலஸ்தான் றைஸாவைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பப்பாசிச் சாறு பருக்கியவள் றோசமேரி. குடிக்க மாட்டேன் என்றதற்கு நேர்ஸுக்கு முன்னாலேயே ஏசினாள். இனி யார் ஏசுவார்கள்?

“போய் கொறைச்சுத் தந்தாலும் காணும் என்டு செல்லுங்களேன்,” என்றாள் சிபானா.

“கேட்ட வாயாலயே நானா இறங்கினா அது என்ன பேச்சு? ஊட்டுக்காரிக்கு ஒரு மானம் இரிக்கிதானே.”

மானம் வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கியது. அன்று காலை நிக்கொலஸ் எங்கேயோ கேட்டு வாங்கிய வெற்று மீன்பெட்டிகளோடு வந்தான். ஒவ்வொன்றாய்க் கழுவி வெயிலில் கவிழ்த்தான். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். யன்னல் வழியாகப் பார்த்த றைஸாவுக்கு, அவன் முன்னறை ஃபேனைக் கழற்றுவது தெரிந்தது. ஷோலைத் தலையில் இழுத்துப் போட்டாள். ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் சிபானாவின் செருப்புமாக ஓடினாள்.

“நிக்கொலஸ் தம்பி! என்ன செய்றீங்க?”

“ஃபேன் எங்கட, ராத்தா,” ஏணியில் இருந்தபடியே சொன்னான், பாவம், தன்னைத் திருட்டில் பிடித்துவிட்டது போல. “வயரும் கொழுக்கியும் உங்கட. அத நான் தொடேல்ல.”

றோசமேரி குசினியிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“எங்க போறீங்க?” என்றாள் றைஸா.

“நுரைச்சோலைல ஒரு வீடு பாத்திருக்கிறம். ஞாயித்துக்கிழமை போயிருவம். அட்வான்ஸ திருப்பித் தந்தாக் காணும்.”

“என்னத்துக்கு?”

“என்னத்துக்கு என்டு நீங்க கேக்கிறீங்களா ராத்தா?” றோசமேரியின் குரல் ஏறியது. “வெள்ளக்காரருக்கு வீடு வேணும் என்டா நேராச் சொல்லியிருக்கலாம். ஒம்பது வருஷம். முகத்தப் பாத்துச் சொல்லியிருக்கலாம். அத விட்டுட்டு கறிவேப்பில மரத்தப் பாத்து இருபத்தஞ்சு என்டா எங்களுக்கு விளங்காதா? குடுக்கேலாத கணக்கக் கேட்டு ஆக்கள வீட்டால எழுப்பிறதுதானே இப்ப பழக்கம். பள்ளி ரோட்டுல அந்த டீச்சர அப்பிடித்தானே எழுப்பினாங்க!”

றைஸா முன்னறைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

“யா அல்லாஹ்! யாரு ஊடு கேட்ட? நான் இருபத்தஞ்சு கேட்டது நீ பதினஞ்சில நின்டு பேரம் பேசுறதுக்கு!”

“என்ன?”

“நீ கத்துவாய், நான் கொறைப்பன் என்டு கேட்டேன். அப்பிடித்தானே கேக்கிற! மீன்காரனோட அப்பிடிச் சண்ட புடிக்கிறவள் என்னோட மட்டும் ‘சரி ராத்தா’ என்டா? நான் மூணு நாளா சோறு தின்னல்ல!”

“வெளிய போ என்டு சொல்ற ஆளோட என்னெண்டு பேரம் பேசிறது?”

“நான் போ என்டு சென்னனா? சென்னனா? அந்த அந்தோனியார் படத்தில கைவெச்சுச் செல்லு!”

றோசமேரி படத்தைப் பார்த்தாள். படம் ஏற்கெனவே பழைய சாறனில் சுற்றி மேசையில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு றைஸாவைப் பார்த்தாள், அப்படியே காலில் கிடந்த ஜோடி சேராத செருப்பையும் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று றைஸாவுக்கு விளங்கவில்லை. றோசமேரி கையைச் சட்டையில் துடைத்தாள், ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள், தானும் ஒன்றில் உட்கார்ந்தாள்.

“பதினாறு,” என்றாள்.

இவ்வளவு இனிப்பான ஒரு சொல்லை றைஸா அண்மையில் கேட்டதில்லை. ஆனாலும் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

“பதினாறா? பதினாறுக்கு இந்த ஊர்ல கோழிக்கூடு கூட இல்ல. இருபது.”

“இருபதுக்கு ஒழுகாத வீடு தருவாங்க. மழ பெஞ்சா நானும் இவரும் கட்டில இழுத்துக்கிட்டு வீட்ட சுத்தி ஓடுறம்.”

“ஓடு மாத்தத்தானே கூட்டிக் கேக்கிறேன்!”

“அப்ப ஓட்ட மாத்துங்க, பிறகு கேளுங்க. குசினிக் கதவு மூடாது. கம்பியெல்லாம் துரு. இந்தா, தொட்டா பப்படம் மாதிரி நொறுங்குது.”

“கம்பிக்கு நான் என்ன செய்ய? கடல தள்ளி வெக்கவா?”

“பதினேழு.”

“பத்தொம்பது. ஒன்பது வருஷமா என்ட முருங்கக்காய் முழுக்க உன்ட கறிலதான்.”

“அந்த முருங்கைக்குத் தண்ணி ஊத்தினது ஆர்?”

ஏணியில் நின்ற நிக்கொலஸ் ஃபேனை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தபடி, “இத மாட்டவா, இறக்கவா?” என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “பொறுங்க!” என்று அதட்டினார்கள். கதை இப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

கடைசியில் பதினேழரைக்கு வந்து நின்றது. மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது றைஸாவின் பொறுப்பு. குசினிக் கதவை நிக்கொலஸ் செய்வான், பலகை றைஸா வாங்கிக் கொடுப்பாள். இரண்டு வருஷத்துக்கு வாடகைக் கதை இல்லை. அதற்குப் பிறகு கூட்டுவதானால் மூன்று மாதம் முன்னால், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் எக்ரிமென்டில் எழுத வேண்டும் என்று றோசமேரி ஒற்றைக் காலில் நின்றாள். றைஸா ஓம் என்றாள். அந்த நேரத்தில் அவளிடம் கிணற்றைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பாள்.

பால் விடாத பிளேன்டி குடித்தார்கள். ஃபேன் பழையபடி சுற்றத் தொடங்கியது. றைஸா எழுந்து படியிறங்கினாள். பத்தடி போகவில்லை, பின்னால் றோசமேரி புருஷனிடம் சொல்வது கேட்டது.

“நீங்க சும்மா இருங்க. நடுவில வந்து ஃபேன், ஃபேன் என்டு கத்தாம இருந்திருந்தா இன்னும் ஐந்நூறு கொறைச்சிருப்பன்.”

றைஸா திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள், மிச்ச ஏச்சையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று.