துண்டாக வந்த பெயர்

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் சாய்த்திருந்த நேரத்தில், ரூத்தின் கணினித் திரையில் ஒரே ஒரு பெயர் மிச்சமிருந்தது: பாண்டி. உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டால் அந்தத் திரை வெறுமையாக இருக்க வேண்டும். அப்படித்தான் அவள் நிரலை எழுதியிருந்தாள்.

அருப்புக்கோட்டையில் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் மாடியில் உட்கார்ந்து, திருச்சுழி போகும் வழியில் இருந்த ஒரு சூரிய மின்நிலையத்துக்காக அவள் வேலை பார்த்தாள். கரிசல் காட்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுப்புத் தகடுகள் நிற்கும் இடம். தகடு கழுவுகிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், வயர் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்டில் அட்டையைக் காட்டித்தான் போகவும் வரவும் வேண்டும். ஒவ்வொரு தடவையும் அங்கிருக்கும் கருவி ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் சின்னப் பதிவு ஒன்றை எழுதும். நுழைவு அல்லது வெளியேற்றம் என்று ஒரு தொடக்கக் குறி, நடுவில் ஆளின் பெயர், பிறகு முடிவுக் குறி. தகடுகளின் சூடும் மின்சார அளவும் அதே கோப்பில்தான் வந்து குவியும். பழைய நிரல் கோப்பு முழுவதையும் ஒரே வாயில் விழுங்கப் பார்த்து, மத்தியானத்துக்கு மேல் திணறி நின்றுவிடும். ரூத் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பைத்தான் மொழியில் புதிதாக எழுதினாள். இது எதையும் விழுங்காது. வாசித்துக்கொண்டே போகும். ஒரு குறி தொடங்கினால் கூப்பிட்டுச் சொல்லும், எழுத்து வந்தால் சொல்லும், குறி முடிந்தால் சொல்லும். சொன்னதும் மறந்துவிடும். ஞாபகம் வைத்துக்கொள்வது அவள் பொறுப்பு. இன்றுதான் அதற்கு முதல் நாள்.

மின்நிலையத்தின் மேற்பார்வையாளர் சங்கரபாண்டியனுக்குப் போன் செய்தாள்.

"பாண்டின்னு தனியா நம்மகிட்ட ஆளே கெடையாதும்மா," என்றார் அவர். "வீரபாண்டி இந்தா கேட்டுக்கு வெளிய என் பக்கத்துல நிக்கிறான். பால்பாண்டி மத்தியானமே வீட்டுக்குப் போயிட்டான்."

"பால்பாண்டி வெளிய போனதுக்குப் பதிவு இல்லையே சார்."

"வாட்ச்மேன் ராமசுப்பு கண்ணால பாத்திருக்காரு. கூப்பிட்டதுக்குத் திரும்பிக்கூடப் பாக்காமப் போனானாம். கேட்டு மிஷினு தூங்கியிருக்கும். நீங்க ஒங்க புரோகிராமப் பாருங்க. நாளைக்கும் இப்படி இல்லாத ஆளக் காட்டுச்சுன்னா பழசையே போட்ருவோம்."

இல்லாத ஆள். அந்தச் சொல் அவளுக்குள் சங்கடமாக உட்கார்ந்துகொண்டது. அப்போது கரண்டு போனது. தெருவில் தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. அத்தனை அமைதியில் அந்த மாடி வேறு யாருடைய வீடோ போலிருந்தது. மடிக்கணினி மட்டும் ஒளிர்ந்தது. பாண்டி என்ற பெயர் அதில் அப்படியே இருந்தது.

காலைப் பதிவுகளை ஒவ்வொன்றாக நிரலுக்குள் விட்டுப் பார்த்தபோது அவளுக்கு விளங்கியது. நிரல் கோப்பைத் துண்டு துண்டாக எடுத்துத்தான் வாசிக்கிறது. ஒரு துண்டு ஒரு பெயரின் நடுவில் முடிந்துபோனால், அந்தப் பெயர் இரண்டு தடவையாக வந்து சேரும். முதலில் 'பால்', அடுத்து 'பாண்டி'. அவள் எழுதியதோ கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் வந்ததைக் கைவிட்டிருந்தது. வருகிற எழுத்துகளை எல்லாம் சேர்த்துவைத்து, முடிவுக் குறி வந்த பிறகே பெயராக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். முழுப்பெயர் வந்தது. பால்பாண்டி காலையில் உள்ளே போயிருக்கிறான். வெளியே வரவில்லை.

சங்கரபாண்டியன் போனை எடுக்கவில்லை. ரூத் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வந்தது. எதிரே ஒரு ஷேர் ஆட்டோ தவிர வேறு வண்டியே இல்லை. தான் செய்த பிழையால் ஒரு மனிதன் பாதிப் பெயரோடு சாயங்காலம் வரை கிடந்திருக்கலாம் என்று நினைத்ததும் வேகத்தை இன்னும் கூட்டினாள்.

கேட்டில் சங்கரபாண்டியனும் ராமசுப்புவும் நின்றிருந்தார்கள். அவள் சொன்னதைக் கேட்டதும் ராமசுப்புவின் முகம் மாறியது. "அவன் போனத நான் பாத்தேன் சார். நீலச் சட்டை. சட்டை நனைஞ்சிருந்துச்சு. ஏலே, சாப்பிடவா போறன்னு கேட்டேன். சத்தமே குடுக்கல."

"கேட்டத் தெறந்துவிட்டது யாரு?" என்றார் சங்கரபாண்டியன்.

ராமசுப்பு யோசித்தார். "நான் தெறக்கல சார்," என்றார் மெதுவாக.

மூன்று பேரும் உள்ளே நடந்தார்கள். தகடுகள் ஆறிக்கொண்டிருந்தன. இரும்புச் சட்டங்கள் அங்கங்கே டிக் டிக்கென்று சத்தமிட்டன. கடைசி வரிசைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடும் ஓசை கேட்டது. கழுவும் குழாய் யாரும் பிடிக்காமல் தரையில் கிடந்து பீய்ச்சிக்கொண்டிருந்தது. தகட்டின் அடியில் பால்பாண்டி மல்லாந்து கிடந்தான். உதடு வெடித்திருந்தது. ரூத் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது, மிக லேசாக.

"தூக்குங்க," என்றாள்.

ராமசுப்பு குனியவில்லை. அவர் ஈரக் கரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால்பாண்டி கிடந்த இடத்திலிருந்து வெறுங்கால் தடங்கள் கேட்டை நோக்கிப் போயிருந்தன. போன தடங்கள் மட்டும். பால்பாண்டியின் காலில் ரப்பர் பூட்ஸ் அப்படியே மாட்டியிருந்தது. சங்கரபாண்டியனும் பார்த்தார். தடத்தை மிதிக்காமல் சுற்றி வந்துதான் மூவரும் அவனைத் தூக்கினார்கள்.

மின்நிலையத்து ஜீப்பின் பின்சீட்டில் ரூத் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சங்கரபாண்டியன் ஓட்டினார். வண்டி ரோட்டில் ஏறியதும், "அவன் வீட்டுக்காரி காளீஸ்வரிக்கு நீங்களே சொல்லிருங்கம்மா. பொம்பளக் குரல்னா பதறாது," என்று தன் போனைப் பின்னால் நீட்டினார்.

எடுத்த பெண்ணின் குரலில் அவசரம் எதுவும் இல்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"பவர் பிளாண்டுல இருந்து பேசுறேன்மா. பயப்படாதீங்க. ஒங்க வீட்டுக்காரருக்கு..."

"அவுக படுத்திருக்காகக்கா," என்றாள் காளீஸ்வரி. "மத்தியானமே வந்துட்டாக. ஒரு வார்த்த பேசல. சட்டையெல்லாம் ஈரம். உள்ரூமுல கதவச் சாத்திட்டுப் படுத்தவுகதான், இன்னும் எந்திரிக்கல. இருங்க, எழுப்பிக் குடுக்கேன்."

வேண்டாம் என்று சொல்ல ரூத் வாயெடுத்தாள். அதற்குள் காளீஸ்வரி நகர்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் வளையல் சத்தமும் நடந்துபோகும் காலடியும் கேட்டன. "என்னங்க," என்று காளீஸ்வரி ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு தாழ்ப்பாள் விலகியது. கதவு நீளமாக முனகிக்கொண்டு திறந்தது.

ரூத்தின் மடியில், இருட்டு அறையில் கிடப்பவன் மேல் திடீரென வெளிச்சம் விழுந்ததுபோல, பால்பாண்டி மூடிய கண்களை இறுக்கிச் சுருக்கினான். பிறகு மெதுவாகத் திறந்தான்.