மாப்பிள்ளைக்குக் கொழுப்பு ஏறியது

மாதேஸ்வரனுக்குக் கொழுப்பு கம்மி என்று முதன்முதலில் சொன்னது அரசாங்கம்தான். ஊரில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் நேர்மாறாகச் சொல்லியிருப்பார்கள்.

மலைமேல் அரியூர் நாட்டில் மருத்துவ முகாம் போட்டபோது அவரும் கையை நீட்டி ரத்தம் கொடுத்தார். மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். கறிச்சோறு என்றால் இலையை விட்டு எழ மனசு வராது. அப்படிப்பட்டவருக்கு ரத்தத்தில் கொழுப்பு இருக்க வேண்டியதை விடக் கீழே இருந்தது. அவர் மனைவி ருக்குமணியைப் பார்க்க மலையேறி வந்திருந்த அவள் அண்ணன் அர்த்தனாரிக்கோ அதே முகாமில் எக்கச்சக்கம். மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆட்டுக்கறியை மறந்துவிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாப்பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்கும்போதெல்லாம், மச்சானைச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு குடல்கறியை ரசித்துச் சாப்பிடுவார்.

"எனக்குக் கொழுப்புன்னு உங்க தங்கச்சி தினமும் சொல்றா மச்சான். கவர்மெண்டு இல்லைங்குது. யாரை நம்பறதுங்க?"

"உங்களுக்கு ரத்தத்துல இல்லீங்க மாப்ள, வாயில இருக்குது" என்பார் அர்த்தனாரி, மோரைக் குடித்தபடி.

இந்த ஆட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மலை ஆஸ்பத்திரியின் டாக்டர் மைதிலி ஆளனுப்பிக் கூப்பிடும்வரை. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ருக்குமணியோடு போனார் மாதேஸ்வரன். மறுபடி ரத்தம் எடுத்து, வயிற்றை ஸ்கேன் பண்ணிவிட்டுத்தான் டாக்டர் முன்னால் உட்காரவைத்தார்கள்.

"கொழுப்பு இவ்வளவு கம்மியா இருந்தது எனக்குச் சரியாப் படலை. அதான் உங்க ரத்தத்துல வேற டெஸ்ட்டும், ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொன்னேன். உங்க கல்லீரல்ல ஒரு வைரஸ் ரொம்ப வருஷமா இருக்கு. ஹெபடைட்டிஸ் சி. கல்லீரல் பூராக் கொழுப்பு படிஞ்சு தழும்பும் விழ ஆரம்பிச்சிருக்கு."

"ரத்தத்துலயே இல்லாத கொழுப்பு அங்க எப்படிங்க வந்துது?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "சந்தைக்கு மிளகு வரலைன்னா மலையில மிளகு விளையலைன்னு அர்த்தமா?"

"இல்லீங்க. லாரி வந்திருக்காது."

"அதேதான். கொழுப்பை ரத்தத்துக்கு ஏத்தி அனுப்பறது கல்லீரல். இந்த வைரஸ் அந்த லாரியைத் தனக்குன்னு பிடிச்சுக்குது. பாதிச் சரக்கு குடோன்லயே தேங்கிடுது. இப்படியே விட்டா கல்லீரல் சுருங்கிடும். மூணு மாசம் விடாம மாத்திரை போட்டா குணமாயிடும். ஒண்ணு சொல்லிடறேன், லாரி மறுபடி ஓட ஆரம்பிச்சதும் ரத்தத்துல கொழுப்பு ஏறும். பயந்துடாதீங்க."

எப்படி வந்திருக்கும் என்று கேட்டாள் ருக்குமணி. சுத்தம் பண்ணாத ஊசியாக இருக்கலாம் என்றார் டாக்டர். மாதேஸ்வரன் தன் முன்கையைப் பார்த்தார். கல்யாணமான புதுசில், திருவிழாவில் வரிசையில் நின்று பச்சை குத்திக்கொண்டது. 'ருக்குமணி' என்று இருந்தது.

"இதுக்கும் நான்தான் காரணமாக்கும்" என்றாள் அவள்.

மாத்திரை பாதி தீர்ந்த சமயம் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். டாக்டர் சொன்னபடியே கொழுப்பு ஏறியிருந்தது. செய்தி அவருக்கு முன்னால் சந்தைக்குப் போய்விட்டது. "எங்க மாப்ளைக்குக் கொழுப்பு வந்துடுச்சுங்க, கவர்மெண்டே சொல்லிடுச்சு" என்று அர்த்தனாரி அறிவிக்க, கடையே சிரித்தது. குடல்கறி அன்றைக்கு இறங்கவில்லை.

வீடு வந்து சேர்ந்ததும், "இனிமே மாத்திரையைத் தொட மாட்டேன். நல்லா இருந்த ரத்தத்தைக் கெடுத்துடுச்சு" என்றார்.

"லாரி ஓடுனா ஏறும்னு அந்தம்மா சொன்னாங்கல்லங்க?"

"எனக்கு அந்த லாரியே வேண்டாம் புள்ள."

ருக்குமணி வழக்கம்போலச் சண்டை பிடிக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள். கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதேயில்லை. அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீம்பு விட்டால்தானே.

மறுநாள் முதல் பஸ்ஸில் அர்த்தனாரி வந்து இறங்கினார். தங்கச்சி போன் போட்டிருக்கிறாள். கேலிக்குப் பதில் கேலி தயாராக வைத்துக்கொண்டு மாதேஸ்வரன் வாசலில் நின்றார். வந்தவர் சட்டைப் பையிலிருந்து, முகாமில் தனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். ஒன்றுகூடப் பிரிக்காமல் இருந்தது.

"நானும் போடறதில்லீங்க மாப்ள. உங்களைப் பார்த்து வீம்பு. மாத்திரை போட்டா தோத்த மாதிரி இருந்துது."

மாதேஸ்வரன் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"கேலி பண்றதுக்காவது நீங்க இருக்கோணுமுங்க" என்றார் அர்த்தனாரி. "தண்ணி கொண்டா ருக்கு. ரெண்டு பேருக்கும்."

மாத்திரையெல்லாம் முடிந்து, சில மாதம் கழித்துக் கடைசி டெஸ்ட். வைரஸ் இல்லை, சுத்தமாகப் போய்விட்டது என்றார் டாக்டர் மைதிலி. கொழுப்புதான் ஏறியிருக்கிறது, இனி ஊரில் எல்லாரையும் போல நீங்களும் வாயைக் கட்ட வேண்டும் என்றார். ருக்குமணி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வெளியே டீக்கடை பெஞ்சில் அர்த்தனாரி உட்கார்ந்திருந்தார். முன்னாலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"தோத்துட்டனுங்க மச்சான்" என்றார் மாதேஸ்வரன். "உங்களைவிட எனக்குத்தான் இப்ப ஜாஸ்தி."

பஸ் ஏறியதிலிருந்து ஒரு நல்ல கேலியை யோசித்து வைத்திருந்தார் அர்த்தனாரி. அதைச் சொல்வதற்குப் பதில், தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, டீக்கடைக்காரர் பார்க்கப் பார்க்கத் தேம்பி அழுதார்.