நாற்பது கேள்விக்கும் இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது; பொய் என்னுடையது. முன்பொரு வேலைக்காகக் குணத் தேர்வு எழுதினேன். கோபம் வருமா? வராது. பொறாமை? கிடையாது. இப்படியே உத்தமனாகப் பதில் எழுதி வேலையையும் வாங்கிவிட்டேன். அந்த உறுத்தலைத்தான் இப்போது தம்மபாலன் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

2

1971. கோலார் தங்கவயல், ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பு. விடியற்காலையில் பனி

(வேண்டாம். எல்லாக் கதையும் விடியற்காலையில்தான் ஆரம்பிக்கிறது.)

தம்மபாலன் மூன்று வருஷமாகச் சுரங்கத்தில் இறங்குகிறவன். போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். மனைவி சரோஜாவுக்கு ஆறாம் மாதம். "புள்ள பொறக்கசொல்ல நீ பூமிக்கு மேல இருக்கணும், அவ்ளோதான்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

3

குணத் தேர்வில் நாற்பது கேள்வி. காக்கிச் சட்டை அதிகாரி ஒவ்வொன்றாக வாசிக்க, ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். மற்றவர்கள் என்னைப் போலவே உத்தமர்கள் ஆனார்கள். தம்மபாலனோ எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதினான். பொய் சொன்னதுண்டா? இல்லை. பெரியவர்களை மதிப்பாயா? இல்லை. மனைவிமேல் பிரியம் உண்டா? இல்லை.

(முதல் பிரதியில் இவனை முட்டாளாக எழுதியிருந்தேன். வெட்கப்பட்டு அடித்துவிட்டேன். ஷிப்டு முடிந்து மேலே வருகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள், தங்கம் ஆயிற்றே. கேட்டின் காக்கிச் சட்டைக் காவல்காரர் "மடியில இருக்கா? டிபன் டப்பால?" என்று கேட்கக் கேட்க, கையைத் தூக்கிக்கொண்டு "இல்ல சார்" என்று மூன்று வருஷம் சொன்ன வாய் அது. காக்கி கேட்டால் வேறு பதில் வராது.)

4

அதிகாரி அவனை உள்ளே கூப்பிட்டார்.

"ஏனப்பா, பொண்டாட்டி மேல பிரியமே இல்லயா?"

"இல்ல சார்... ஐயோ, இருக்குது சார்! ரொம்ப இருக்குது சார்!"

கேட் விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினான். இரண்டு கையும் தலைக்கு மேலேயே இருந்தன. அதிகாரி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எழுதும்போது நானும் சிரித்துவிட்டேன்.

"பயமா இருக்கா?"

"இருக்குது சார்."

"எதுக்கு?"

"இந்தத் தாள அவ பாத்துட்டா இன்னா ஆவறது சார்?"

5

முடிவு அ: வேலை கிடைத்தது.

முடிவு ஆ: தாளில் இருப்பதுதான் கணக்கு என்றார் அதிகாரி. திங்கட்கிழமை தம்மபாலன் மறுபடி கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்க, சரோஜா

(இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

அதிகாரியின் பேனாவை உங்களிடமே தருகிறேன். இவனுக்கு வேலை தரலாமா? ஆம் என்றுதான் எழுதுவீர்கள், தெரியும். ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: அவன் நல்ல போலீஸ்காரன் ஆவான் என்றா அப்படி எழுதினீர்கள், இல்லை, நான் உங்களை நல்லவர் என்று நினைக்க வேண்டும் என்றா?