எதை அணைத்தாலும் போகாத பெயர்

மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் நோயாளி விவரங்களை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. சில நாட்களாக இணையம் நத்தையாக ஊர்ந்தது. அனுப்பும் கோப்பெல்லாம் பாதியில் நின்றது. பொறுக்க முடியாமல், கணினி பழுதுபார்க்கும் கொழுந்தனை வரச் சொன்னாள்.

அவன் வைஃபையில் இணைந்திருந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தான்.

"இருக்கறது ரெண்டு பேரு. இத்தனை மாட்டியிருக்கே அண்ணி, சத்திரம் ஏதும் நடத்துறீங்களா?"

ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள். டிவியை அணைத்ததும் ஒரு பெயர் மறைந்தது. பிரிண்டரை அணைத்ததும் இன்னொன்று. வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்த ஒன்று, அவள் கணவன் ஆசையாக வாங்கி அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்ட ஸ்பீக்கர். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒரு பெயர் மட்டும் அசையவில்லை.

கொழுந்தனின் சிரிப்பு நின்றது. "இது ஒரு போன். நம்ம வீட்டுது இல்ல."

நோயாளிகளின் ரகசியமெல்லாம் அவள் கணினியில்தான் இருந்தது. ஒரு வரி வெளியே போனாலும் வேலை போய்விடும். யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது.

"தடுத்துடு. பாஸ்வேர்டையும் மாத்திடு" என்றாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவன், போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நெட் வரலையே?" என்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் கூடப் போகவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். கேட்டவன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அந்த போனையா நிறுத்தினீங்க?"

"உங்களுக்குத் தெரியுமா அது யாருதுன்னு?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணோடது. நான்தான் பாஸ்வேர்ட் குடுத்தேன்." அவன் குரல் இறங்கியது. "மாடிப்படியில நின்னு அழுதுட்டிருந்துச்சு. அதோட சிம்மைப் புருஷன்காரன் ஒடிச்சுப் போட்டுட்டானாம். பழைய போன் ஒண்ணை ஒளிச்சு வெச்சு, அவங்க அண்ணனுக்கு மட்டும் தினமும் மெசேஜ் போட்டுட்டிருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ என்ன நினைப்பியோன்னு..."

"சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே."

கோபத்துக்கு அது நேரமில்லை. கொழுந்தனை போனில் பிடித்துக் கேட்டுக் கேட்டு, தடையை நீக்கிப் பழைய பாஸ்வேர்டையே போட்டாள். அந்தப் பெயர் திரும்ப வரவில்லை. போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்தப் பெண்ணின் கணவன் கதவைப் பாதி திறந்தான்.

"தங்கச்சி இல்லையா?"

"தூங்குறா."

விளக்கு வைக்கும் நேரத்தில் என்ன தூக்கம் என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். பாத்திரச் சத்தம் கூட இல்லை. போலீஸுக்குச் சொல்லலாமா என்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாம் போய் ஏதாவது செய்து, அடி அந்தப் பெண்மேல் விழுந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் பேச்சு பேச்சாகவே நின்றது.

அதற்கடுத்த நாள் காலை மாடிப்படியில் இரைச்சல் கேட்டு இருவரும் வெளியே ஓடினார்கள். ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தங்கையின் தோளுமாக ஓர் ஆள் நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் உள்ளே இருந்து கத்தினானே தவிர, வாசலைத் தாண்டவில்லை. அந்தப் பெண்ணின் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"என் தங்கச்சிக்கு நீங்க செஞ்சது பெரிய உதவி" என்று அண்ணன் அவள் கணவனைப் பார்த்துக் கும்பிட்டார். "ரெண்டு நாளா மெசேஜ் வரல. மனசு கேக்கல, கிளம்பி வந்துட்டேன்."

அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பினாள்.

"திடீர்னு நெட் நின்னுடுச்சுக்கா. எங்கயாவது கிடைக்குமான்னு போனைக் கையில வெச்சுக்கிட்டு வீடெல்லாம் சுத்தினேன். அப்பத்தான் அவர் பார்த்துட்டார். உங்க வீட்லயும் நின்னுடுச்சா?"

"ஆமா. வைஃபை பெட்டி ரிப்பேர்" என்றாள் அவள்.

அண்ணனும் தங்கையும் படியிறங்கினார்கள். அந்த அண்ணன் வந்ததே மெசேஜ் நின்றதால்தானே என்று கணவன் பிறகு பலமுறை அவளைத் தேற்றிப் பார்த்தான். அது உண்மைதான். ஆனாலும் அந்த வீங்கிய மணிக்கட்டு அவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை.